கெலா மீனை அளப்பது எப்படி: தூண்டிலா, வலையா, முகக்கண்ணாடியா, கேமராவா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தூண்டில் போடும் இளைஞர் குழு ஒன்று, மகசீர் வகை ஆற்று மீனான கெலாவைப் பற்றிப் புலனத்தில் இப்படிக் கேட்டிருந்தது: "அண்ணே, சுங்கை பிளஸ் மேல்பக்கம் கெலா குறைஞ்சுகிட்டே வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க. வருசா வருசம் அளந்து எழுதி வைக்கலாம்னு இருக்கோம். ஒருத்தர் வலை போடணும்கிறார். ஒருத்தர் தண்ணிக்கடியில கேமரா வைக்கலாம்கிறார். நாம பிடிக்கிறதையே அளந்தா போதாதான்னு இன்னொருத்தர் கேக்குறார். எதுக்குக் காசு போடுறது?"

கோலகுபு பாருவிலிருந்து ஓர் ஆசிரியரும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார். அவருடைய கவலை, மாணவர்களை ஆற்றில் இறக்கலாமா என்பது. இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த முறை அதிக மீனைக் காட்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த முறை எந்த நீளத்து மீனைக் காட்டாது என்று பாருங்கள். ஆற்றில் உள்ள எல்லா மீனையும் சமமாகக் காட்டும் முறை எதுவும் இல்லை.

## எண்ணிக்கை போதாதா, நீளம் எதற்கு?

இரண்டு மடுக்கள். ஒவ்வொன்றிலும் 100 கெலா. முதல் மடுவில் எல்லாமே அரை மீட்டருக்கு மேல், குஞ்சே இல்லை. இரண்டாவதில் குஞ்சும் இளமீனும் நிறைய, 30 செ.மீட்டரைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கை மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றே. முதல் மடுவில் முட்டை பொரியவில்லை, அல்லது பொரித்த குஞ்சு பிழைக்கவில்லை. மேலே மரம் வெட்டி, மண் இறங்கி, சரளைக்கல் மூடிப்போயிருக்கலாம். இரண்டாவதில் பெரிய மீனை யாரோ எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மண் இறங்குகிற ஆற்றில் தூண்டிலைத் தடை செய்தும் பயனில்லை, வேட்டை நடக்கிற ஆற்றில் மரம் நட்டும் பயனில்லை. எந்த நோய் என்று சொல்வது நீளக் கணக்குதான்.

கெலாவுக்கு இது இன்னும் முக்கியம். மெதுவாக வளரும் மீன், தாமதமாகத்தான் முட்டையிடும் பருவத்துக்கு வரும். பெரிய தாய்மீன் ஒன்று இடும் முட்டை பல சிறிய தாய்களின் முட்டைக்குச் சமம். பெரிய மீன்கள் இன்னும் சில ஆண்டு உயிரோடு இருக்கும் என்பதால், குஞ்சு வருவது நின்றுபோன ஆறுகூட வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். 'மீன் இருக்குதே' என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கணக்கு முடிந்துபோயிருக்கும்.

காவிரிப் படுகையில் வாழும் இதன் உறவு மீனான திமில் மகசீரை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-இல் மிக மோசமாக அருகிவிட்ட இனம் என்று பட்டியலிட்டது. நம் கெலாவுக்கு அதே பட்டியலில் உள்ள குறிப்பு 'போதிய தரவு இல்லை'. தோர் தம்ப்ராய்டிஸ், தோர் தம்ப்ரா என்ற இரண்டும் ஒரே இனமா இல்லையா என்ற வழக்கே ஆய்வாளர்களிடம் இன்னும் தீரவில்லை. ஆகவே ஊர்க்காரர்கள் எழுதி வைக்கும் நீளக் குறிப்பு பொழுதுபோக்கு வேலை அல்ல.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள். நான் முக்கியம் என்று நினைக்கும் வரிசையிலேயே தருகிறேன்.

1. எந்த நீளத்தைத் தவறவிடும்? அந்தக் குறை ஆண்டுதோறும் ஒரே மாதிரி இருக்குமா?
2. அளந்த மீன் பிழைக்குமா?
3. நம் ஆற்றின் ஆழத்துக்கும் கலங்கலுக்கும் ஒத்துவருமா?
4. போதிய எண்ணிக்கையில் மீன் கிடைக்குமா?
5. காசு, அனுமதி, ஆள். முதலாண்டுக்கு மட்டுமல்ல, ஐந்தாம் ஆண்டுக்கும்.

நான்காவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், எல்லோரும் தடுமாறுவது அங்கேதான். சராசரி நீளத்தை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லவே நூறு மீன் அளவில் வேண்டும். ஒவ்வொரு செ.மீட்டருக்கும் ஒரு கட்டம் போட்டு முழு வரைபடம் வரைய முந்நூறு, நானூறு வேண்டும். கெலா விஷயத்தில் இது நடக்கிற காரியமா? ஆகவே குறைந்த மீனை வைத்துக்கொண்டு நிறையச் சொல்ல முயல வேண்டாம். 50 மீன் அளந்து அதில் 15 சிறியவை என்றால் 30 விழுக்காடு. ஆனால் உண்மை விகிதம் 17-க்கும் 43-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அடுத்த ஆண்டு 20 விழுக்காடு வந்தால் 'குறைந்துவிட்டது' என்று முகநூலில் போடுவதற்கு அதில் ஆதாரம் இல்லை. 200 மீன் அளந்திருந்தால் அந்த இடைவெளி 24-லிருந்து 36-க்குள் சுருங்கும்.

இன்னொன்று, எந்த நீளம்? கெலாவின் வால் ஆழமாகப் பிளந்தது, நுனி அடிக்கடி கிழிந்திருக்கும். மூக்கு நுனியிலிருந்து வால் பிளவின் நடுப்பள்ளம் வரை அளப்பதே நல்லது. ஒருவர் பள்ளம் வரை, இன்னொருவர் நுனி வரை என்று அளந்தால் இரண்டு பேர் குறிப்பையும் சேர்க்கவே முடியாது.

## தூண்டில்காரர் குறிப்பேடு

நம் பக்கம் இருக்கும் ஒரே பெரும் பலம் இது. வாரக் கடைசியில் ஆற்றுக்குப் போகிறவர்கள் எப்படியும் போகப்போகிறார்கள். அவர்கள் கையில் ஓர் அளவுப் பலகையும் குறிப்பேடும் கொடுத்தால் செலவு முடிந்தது.

பலகைக்கு கடையில் ஆயிரம் தேடவேண்டாம். நாலு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு முனையை மூடி, உள்ளே தையல்காரர் நாடா மாதிரி நீர்புகா நாடாவை ஒட்டினால் போதும். தட்டைப் பலகையில் துள்ளும் மீன், குழாயின் வளைவுக்குள் அடங்கிக் கிடக்கும். குழாயை முதலில் ஆற்றில் நனைத்து, அடியில் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, கண்ணை ஈரத்துணியால் மூடிவிட்டால் இன்னும் அமைதி. மூக்கை மூடிய முனையில் தொடவைத்து, வால் பள்ளத்தைப் படித்து, மேலிருந்து நேராக ஒரு படம். சில நொடி வேலை. முள்ளில்லாத கொக்கி போட்டால் மீன் ஓடிப்போகும்போது நல்லபடியாகவே போகும்.

அடுத்து குறைகள். செம்பனைத் தோட்டத்துக்காரர்கள் கெலாவுக்கு எதைப் போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்: குலையிலிருந்து விழுந்த உதிரிப் பழம். காட்டுப் பழம் தின்று பழகிய மீனுக்கு அது விருந்து. ஆனால் அந்தப் பழத்தைக் குஞ்சு மீன் விழுங்க முடியாது. அப்படியானால் உதிரிப் பழம் போட்டவரின் குறிப்பேட்டில் சிறிய மீன் இல்லாதது ஆற்றைப் பற்றிய செய்தியா, தூண்டிலைப் பற்றிய செய்தியா? தூண்டிலைப் பற்றியதுதான். அதே நண்பர் அடுத்த ஆண்டு மண்புழுவுக்கு மாறினால் 'இந்த ஆண்டு இளமீன் பெருகிவிட்டது' என்று வரைபடம் பொய் சொல்லும். ஆகவே இரை, கொக்கி அளவு, எத்தனை மணி நேரம் என்ற மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுத வேண்டும். அதை யாரும் எழுத விரும்புவதில்லை, தூண்டில்காரன் மனசு அப்படி.

இரண்டாவது குறை முழு எண் மோகம். கண்ணால் பார்த்துச் சொல்கிறவர்களின் குறிப்பில் 30, 40, 50 என்று குவியும், 37-உம் 43-உம் காணாமல்போகும். கடைசி இலக்கங்களை மட்டும் தனியே எண்ணிப் பாருங்கள். பூச்சியமும் ஐந்தும் மற்றவற்றைவிட வெகுவாக மிஞ்சி நின்றால் அந்தக் குறிப்பு பலகையில் அளந்தது அல்ல. கையை நீட்டி மீனைக் கேமராவுக்கு முன்னால் தள்ளிப்பிடித்து எடுத்த படத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

எடை மட்டும் எழுதியிருப்பவர்களும் உண்டு. எடை ஏறக்குறைய நீளத்தின் மும்மடிப்படி ஏறும். நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு. பழைய எடைக் குறிப்பிலிருந்து தோராய நீளத்தைக் கணக்கிடலாம், ஆனால் இனி எழுதுவது நீளமாகவே இருக்கட்டும்.

எப்போது இது சிறந்தது: பெரிய மீன் குறைகிறதா என்பதே கேள்வி என்றால். பிடித்து விடுவிக்கும் பழக்கம் உள்ள, ஐந்து பேராவது நிலையாக வரக்கூடிய குழு இருந்தால்.

மறைந்திருக்கும் செலவு: குறிப்பேடுகளைச் சேகரித்து, சரிபார்த்து, கணினியில் ஏற்றும் ஒரு ஆள். இவருக்கு யாரும் சம்பளம் தரமாட்டார்கள். இவர் கல்யாணமாகி ஜொகூருக்கு வேலைக்குப் போனதும் திட்டம் நிற்கும். முதல் நாளே இரண்டு பேரை வையுங்கள்.

## முகக்கண்ணாடி போட்டு எண்ணுவது

தலையை நீருக்குள் வைத்து, மூச்சுக்குழாயோடு மெதுவாக மேல்நோக்கி நீந்தி, பார்த்த மீனை நீள வகுப்பாக எழுதிக்கொள்வது. தூண்டில் காட்டாத குஞ்சையும் இளமீனையும் காட்டுவது இதுதான், அதனாலேயே எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். சரளைக்கல் மேல் ஓடும் ஆழமில்லாத ஓரங்களில், வேர்ப் பின்னல்களுக்குள், விரல் நீளக் குஞ்சுகள் கூட்டமாக நிற்பதைக் கரையிலிருந்து காணவே முடியாது.

நீருக்கடியில் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 30 செ.மீ. கெலா 40 மாதிரி இருக்கும். ஒளி நீரிலிருந்து கண்ணாடிக்குள்ளிருக்கும் காற்றுக்கு மாறும்போது வளைவதால் வரும் வினை இது. பயிற்சியில்லாதவர் எண்ணிய ஆறு, உண்மையில் இல்லாத பெரிய மீன்களால் நிறைந்திருக்கும். தீர்வு எளிது: பழைய தேர்தல் பதாகையின் நெளி பிளாஸ்டிக் அட்டையை 10, 20, 30, 45, 60 செ.மீ. மீன் உருவமாக வெட்டி, கல் கட்டி, மடுவில் மிதக்கவிட்டு, நீளம் தெரியாதவரை நீந்தவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு காலைப்பொழுதில் கண் பழகிவிடும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மீண்டும் செய்ய வேண்டும். செ.மீட்டர் சொல்ல முயலாமல் 10 செ.மீ. வகுப்பாக எழுதினால் போதும்.

நீர் தெளிந்திருக்க வேண்டும் என்பது இதன் கட்டாயம். பேராக்கின் உள்பகுதியில் ஆண்டுக்கு இரண்டு மழை உச்சம், ஏப்ரல்-மே வாக்கிலும் அக்டோபர்-நவம்பரிலும். இடையில் வரும் பிப்ரவரியும் ஜூன்-ஜூலையும்தான் நமக்கு வாய்ப்பு. சுங்கை பிளஸ் லாசா ஊருக்குக் கீழே பல நாள் தேத்தாரே நிறம்தான், அங்கே இம்முறை எடுபடாது. மேலே கிளையாறுகளில் எடுபடும். தெளிவை அளக்க ஒரு வழி: கறுப்பு வெள்ளை அட்டையை ஒருவர் நீருக்குள் பிடிக்க, இன்னொருவர் நீந்திப் பின்வாங்கி அது மறையும் தூரத்தை அளப்பது. மூன்று மீட்டருக்குக் குறைந்தால் அன்றைக்கு எண்ணாதீர்கள் என்பது என் விதி. எந்தத் தூரத்தை வைத்தாலும் ஆண்டுதோறும் அதையே வையுங்கள்.

ஆசிரியருக்குப் பதில்: மாணவர்களைக் கரையில் குறிப்பெழுத வையுங்கள், ஆற்றில் இறக்காதீர்கள். மேலே பெய்த மழைக்குக் கீழே வெயிலில் கெப்பாலா ஆயர் என்ற திடீர் வெள்ளம் வந்து ஆளை அடித்துப்போவதை நம் நாட்டில் எல்லோரும் அறிவோம். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் உண்டு, காலில் காயத்தோடு யாரும் இறங்கக்கூடாது.

எப்போது இது சிறந்தது: குஞ்சு வருகிறதா என்பதே கேள்வி என்றால். நீர் தெளிந்த கிளையாறு, பயின்ற நான்கு கண்கள் இருந்தால்.

மறைந்திருக்கும் செலவு: பெரிய மீன் வெட்கக்காரன். உங்களைக் கண்டதும் பாறை இடுக்குக்குள் போய்விடும். ஆகவே இந்தக் கணக்கில் பெரியது குறைவாகவே வரும். தவிர, உணவுபோட்டுப் பழக்கிய காப்பக மடுக்களில் இதை நடத்தாதீர்கள். சுங்கை சிலிங் மாதிரி இடத்தில் உங்கள் காலைச் சுற்றிவரும் கூட்டம் ஆற்றின் இயல்பான கூட்டம் அல்ல.

## வலை

செவுள் வலைக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இரவும் பகலும் வேலை செய்யும், கலங்கல் பார்க்காது, ஆள் திறமையைப் பெரிதாகச் சாராது. ஆனால் ஒரே கண்ணளவு வலை தனக்கு ஏற்ற நீளத்துக்கு மேலும் கீழும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரைதான் நன்றாகப் பிடிக்கும். சின்னது நுழைந்து போய்விடும், பெரியது தலையே நுழையாமல் திரும்பிவிடும். ஆகவே ஒரே வலையில் வரும் நீள வரைபடம் மீனைக் காட்டாது, வலைக் கண்ணைத்தான் காட்டும். ஐரோப்பிய ஏரிகளில் இதற்காகவே 5 மி.மீ. முதல் 55 மி.மீ. வரை 12 கண்ணளவுகளை ஒரே வலையில் தைத்து, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுமார் கால் பங்கு பெரிதாக இருக்கும்படி வைக்கிறார்கள்.

அது ஏரிக்கு. ஓடும் ஆற்றில் வலை இலையும் கிளையுமாக நிறையும். அதைவிட, செவுளில் மாட்டிய கெலா இரண்டு மணி நேரத்தில் இறக்கலாம். அருகிவரும் மீனை எண்ணுவதற்காகக் கொல்வது எனக்கு ஒப்பவில்லை. வீச்சு வலை கொஞ்சம் மென்மை. மணல் திட்டோரம் இளமீனைப் பிடிக்க உதவும், பாறை மடுவில் கிழியும். வீசுகிறவர் கையைப் பொறுத்தே வட்டம் விரியும் என்பதால் ஆள் மாறினால் கணக்கும் மாறும்.

எப்போது இது சிறந்தது: மீன்வளத் துறையோ பல்கலைக்கழகமோ கூட இருந்து, வலையை விட்டு நகராமல் அடிக்கடி தூக்கிப் பார்க்கும்போது. மற்றபடி, வேண்டாம்.

## நீரடி கேமரா

ஒரு கேமரா மட்டும் வைத்தால் மீன் தெரியும், நீளம் தெரியாது. அருகிலிருக்கும் சின்னதும் தூரத்திலிருக்கும் பெரியதும் திரையில் ஒரே அளவுதான். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, 10 செ.மீ. இடைவெளியில் இணையாகப் பொருத்திய இரண்டு லேசர் புள்ளிகள்: மீனின் உடலில் விழும் இரண்டு புள்ளிகளே அளவுகோல். மலிவு, ஆனால் இரண்டும் மீன் மேல், அதுவும் பக்கவாட்டில் நிற்கும்போது விழவேண்டும். மற்றது இரட்டைக் கேமரா: ஒரு கட்டையில் இரண்டையும் அசையாமல் பொருத்தி, தெரிந்த அளவுச் சதுரப் பலகையைக் காட்டி அளவுதிருத்தம் செய்து, பிறகு கணினியில் இரு படத்திலும் மூக்கையும் வால் பள்ளத்தையும் சொடுக்கினால் நீளம் வரும். சரியாகச் செய்தால் பிழை சில விழுக்காடுதான், கையால் அளப்பதற்கு அருகில் நிற்கும். மீனைத் தொடவே தேவையில்லை. பதிவு கைவசம் இருக்கும், பத்தாண்டு கழித்து ஒருவர் சந்தேகப்பட்டால் மீண்டும் அளக்கலாம். மற்ற பெரும்பாலான முறைகளுக்கு இந்த வரம் இல்லை.

மறைந்திருக்கும் செலவுதான் பயங்கரம். கேமரா இரண்டுக்கு ஓரிரு ஆயிரம் ரிங்கிட், அது போகட்டும். ஒரு மணி நேரப் பதிவைப் பார்த்து அளக்க அதைப்போல் பல மடங்கு நேரம் ஆகும். திரைக்கு வந்த அதே மீன் போய்த் திரும்பி வந்தால் இரண்டு மீன் ஆகிவிடும். அதனால் ஒரே நேரத்தில் அதிக மீன் தெரியும் சட்டகத்தை மட்டும் எடுத்து அதில் உள்ளவற்றை அளப்பது வழக்கம். தவிர, யாராவது கட்டையைத் தரையில் போட்டுவிட்டால் கேமராக்களின் கோணம் நூலளவு மாறும், அதற்குப் பின் வந்த நீளம் எல்லாம் தப்பு. மீண்டும் அளவுதிருத்தம். பதிவு செய்யும் ஆர்வம் எல்லோருக்கும் இருக்கும், அளக்க உட்காரும் பொறுமை ஒருவருக்கு இருக்கும், அந்த ஒருவர் யார் என்று வாங்குவதற்கு முன்பே கண்டுபிடியுங்கள்.

எப்போது இது சிறந்தது: தெளிந்த மடு, கல்லூரி மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்கான உழைப்பு, தூண்டிலே அனுமதிக்கப்படாத காப்பகம்.

## மற்றவை, சுருக்கமாக

மின்சாரம். ஆய்வாளர்கள் முதுகில் சுமக்கும் கருவியால் மீனைச் சில நொடி மயக்கி அளப்பார்கள். பெரிய மீன் உடலில் மின்னழுத்த வேறுபாடு அதிகம் விழும் என்பதால் பெரியதே எளிதாக அகப்படும், முதுகெலும்புக் காயமும் அதற்கே அதிகம். நம் மலையாறுகளின் உப்புச்சத்து குறைந்த நீரில் மின்சாரம் சரியாகவும் பரவாது. எல்லாவற்றுக்கும் மேல், 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி வெடி, நஞ்சு, மின்சாரம் கொண்டு மீன்பிடிப்பது குற்றம். துறை அனுமதியுள்ள ஆய்வாளர் தவிர யாரும் நினைக்கவும் கூடாது.

ஒலிப்படக் கருவி. ஒலியலையை அனுப்பி, கலங்கல் நீரிலும் மீனின் நிழலுருவைக் காட்டும், நீளம் அளக்கலாம், ஆனால் அது கெலாவா செபராவா என்று சொல்லாது. விலை இலட்சக்கணக்கான ரிங்கிட். சுங்கை பேராக்கின் ஆழமான கலங்கல் பகுதியில் தெமோலே மாதிரி பெரிய மீனைத் தேடும் அரசுத் திட்டத்துக்குப் பொருந்தும். தெமோலே அனைத்துலக வணிகத்தில் 1975 முதலே முற்றாகத் தடைசெய்யப்பட்ட பட்டியலில் உள்ள மீன், அதற்கு அந்தச் செலவு தகும். நமக்கு இல்லை.

நீரில் மரபணு தேடுவது. மீன் அங்கே இருக்கிறதா என்று சொல்லும். எவ்வளவு நீளம் என்று சொல்லவே சொல்லாது. 'புதிய தொழில்நுட்பம்' என்று யாராவது விற்கவந்தால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

குறிச்சில்லு. அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய, 12 மி.மீ. கண்ணாடிச் சில்லை மீனுக்குள் செலுத்துவது. மீண்டும் பிடிபட்டால் எத்தனை செ.மீ. வளர்ந்தது என்று துல்லியமாகத் தெரியும். இது தனிமுறை அல்ல, தூண்டில் குறிப்பேட்டின்மேல் ஏற்றும் இரண்டாம் மாடி. பயிற்சியும் அனுமதியும் வேண்டும், முதல் இரண்டு ஆண்டு தள்ளிப்போடலாம்.

## ஒரே பார்வையில்

| முறை | தவறவிடுவது | மீனுக்கு | கலங்கல் நீரில் | தொடக்கச் செலவு | உண்மையான செலவு |
|---|---|---|---|---|---|
| தூண்டில் குறிப்பேடு | குஞ்சு, இளமீன் | கவனமாக இருந்தால் நலம் | ஓரளவு முடியும் | மிகக் குறைவு | குறிப்பைச் சேகரிக்கும் ஆள் |
| முகக்கண்ணாடி | வெட்கப்படும் பெரிய மீன் | தொந்தரவில்லை | முடியாது | குறைவு | ஆண்டுதோறும் பயிற்சி |
| செவுள் வலை | கண்ணளவுக்கு வெளியே எல்லாம் | ஆபத்து | முடியும் | நடுத்தரம் | செத்த மீன், அனுமதி |
| இரட்டைக் கேமரா | கட்டைக்கு அருகில் வராதது | தொந்தரவில்லை | முடியாது | ஓரிரு ஆயிரம் | திரைமுன் உட்காரும் நேரம் |
| மின்சாரம் | ஆழத்தில் உள்ளது, குஞ்சு | காயம் உண்டு | ஆழமில்லா இடத்தில் மட்டும் | பல்லாயிரம் | சட்டம் |
| ஒலிப்படம் | சிறியது, இன அடையாளம் | தொந்தரவில்லை | நன்றாக முடியும் | இலட்சங்கள் | நிபுணர் |

## சுங்கை சிப்புட் குழுவுக்கு என் பதில்

இரண்டு முறை எடுங்கள்: ஆண்டு முழுக்கத் தூண்டில் குறிப்பேடு, தெளிந்த மாதங்களில் முகக்கண்ணாடி. ஒன்று பெரியதைக் காட்டும், மற்றது சிறியதைக் காட்டும். ஆனால் இரண்டையும் ஒரே வரைபடத்தில் கொட்டாதீர்கள். தனித்தனி வரைபடம், தனித்தனி வரலாறு. தூண்டில் வரைபடத்தை முந்தைய ஆண்டின் தூண்டில் வரைபடத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். குறை இருக்கட்டும், அது ஒரே குறையாக இருந்தால் மாற்றம் தெரியும்.

மீன் குறைவாகக் கிடைக்கும்போது மூன்று வகுப்பே போதும். எங்கே கோடு போடுவது? உலக அளவில் ஒரு வழக்கம் உண்டு: அந்த இனத்தின் அறியப்பட்ட மிகப்பெரிய நீளத்தில் 20 முதல் 26 விழுக்காட்டைக் கணக்கில் சேரும் அளவாகவும், 36 முதல் 41 விழுக்காட்டைத் தூண்டில்காரர் மதிக்கும் அளவாகவும் வைத்து, முதல் கோட்டைத் தாண்டியவற்றில் எத்தனை பங்கு இரண்டாவதையும் தாண்டுகிறது என்று பார்ப்பது. நீங்களும் அப்படி இரண்டு கோடு போடுங்கள். போட்ட பின் நகர்த்தாதீர்கள். நல்ல ஆண்டில் பொரித்த குஞ்சுக் கூட்டம் வரைபடத்தில் ஒரு மேடாகத் தெரியும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த மேடு வலப்பக்கம் நகர வேண்டும். நகராமல் ஒரே இடத்தில் தேய்ந்து மறைந்தால், அந்த நீளத்தில்தான் யாரோ எடுக்கிறார்கள்.

கேமரா ஆசை உள்ள தம்பிக்கு: மூன்றாம் ஆண்டு வாங்குங்கள், அதுவரை குறிப்பேடு நிற்கிறதா பார்ப்போம். காசு சேர்ப்பது பெரிய காரியம் அல்ல. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவில் தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள், அவர் நாடாளுமன்றத்தில் நின்றது இந்த ஊருக்காகத்தான். இரண்டு கேமரா வாங்க முடியாதா?

மேல் ஆறு தெமியார் பழங்குடி மக்களின் இடம். குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு போகும் முன் அவர்கள் கிராமத் தலைவரிடம் பேசுங்கள். எந்தக் கிளையில் குஞ்சு நிற்கும், எந்த மாதம் பெரிய மீன் மேலே ஏறும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது. அவர்களில் இருவர் குழுவில் இருந்தால் இன்னும் நல்லது. மாநில மீன்வள அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள், ஆற்று மீன்பிடிக்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி வைத்திருக்கிறது.

கடைசியாக, எந்தப் பட்டியலிலும் வராத ஒரு செலவு. நல்ல குறிப்பேடு என்பது எந்த மடுவில் பெரிய கெலா நிற்கிறது என்ற வரைபடமும்கூட. சந்தையில் கெலா விலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். மடுக்களுக்கு எண் கொடுங்கள், பெயர் எழுதாதீர்கள். எந்த எண் எந்த மடு என்ற தாள் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். கைப்பேசியில் எடுக்கும் அளவுப் படத்தில் இடக்குறியீடு பதியாமல் அமைப்பில் அணைத்துவிடுங்கள், பின்னணியில் அடையாளப் பாறை தெரியும் படம் புலனத்துக்குப் போகவே கூடாது.